மூச்சு முட்டாத பிராணியும் மைக் காக்காவும்

கல்முனையில் மைக் காக்காவின் குரல் படாத சுவர் கிடையாது. ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கி, ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் மைக். துணிக்கடை மலிவு விற்பனையோ மரணத்தைச் சொல்லும் ஜனாஸா அறிவித்தலோ, எல்லாம் ஒரே மூச்சுதான். மௌத்தானவரின் பெயர், யாருடைய கணவர், யார் யாருடைய வாப்பா, நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்று இடையில் மூச்சு எடுக்காமல் சொல்லி முடிப்பார். "மௌத்தாப் போன மனுசனப் பாதியில நிப்பாட்டப்படா தம்பி" என்பார்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு கல்யாண வலீமாச் சோறு கவிழ்த்தது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன். மைக் காக்கா உட்கார்ந்த சஹனில் மற்ற ஐந்து பேரும் அவசரமாகச் சாப்பிட வேண்டும். அன்று இரண்டு தரம் சோறு நிரப்பி, வட்டிலப்பமும் விழுங்கி எழும்பும்போது ஜனாஸாச் செய்தி வந்தது. மைக்கில் பெயரைச் சொன்னார். அதோடு மூச்சு நின்றது. ஆட்டோ நிற்குமா? மூச்சு திரும்பியபோது அடுத்த தெரு வந்துவிட்டது. முதல் தெருவுக்கு ஆளைத் தெரியும், நேரம் தெரியாது. அடுத்த தெருவுக்கு நேரம் தெரியும், ஆளைத் தெரியாது. அடக்கம் செய்யும் மையவாடிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "ஆருகா மௌத்து?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயருக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னொருக்கா மூச்சு அந்துதோ, மைக்க வேற ஆளுக்குக் குடுத்திருவன்!"

மைக் காக்கா விடுவாரா? இரண்டு நாள் கழித்து ஃபோனை நீட்டிக்கொண்டு என் கடைக்குள் நுழைந்தார். அதில் ஸ்லோத் என்ற பிராணி மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாரு தம்பி! வகுறு முட்ட இலையத் திண்டுட்டுத் தலகீழாத் தொங்குது. அதுட பாரத்துல மூண்டுல ஒரு பங்கு வகுத்துக்குள்ள. அவ்வளவும் நெஞ்சுல விழுந்தா மூச்சு விடேலுமா? அதால அல்லாஹ் அதுட ஈரலையும் இரைப்பையையும் விலா எலும்போட நாரால கட்டி வெச்சிரிக்கான்!"

"உங்களுக்குக் கட்டல்லையே காக்கா."

"நான் கட்டுறன்!"

கட்டியும் விட்டார். இடுப்பில் உடுத்தும் பழைய சாரனை இரண்டாகக் கிழித்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தோளில் முடிச்சுப் போட்டார். அடுத்த வலீமாவில் மூக்கு முட்டச் சாப்பிட்டார். நேரே என் கடைக்குப் பின்னால் வந்து, மாமரக் கிளையில் கால்களை மாட்டித் தலைகீழாகத் தொங்கி, "அறிவித்தல்!" என்றார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தது பிரியாணி. நானும் பக்கத்துக் கடைக்காரரும் இறக்கிப் படுக்க வைத்தோம். மனுசன் மல்லாந்து கிடந்தபடியே விரலை உயர்த்தினார்.

"ஸ்லோத்துக்கு நார் இரிக்கி. எனக்கு வாய் இரிக்கி. அத மூடுறன்."

மூடினார் ஐயா, மூடினார்! ஊரில் யாராவது கடுமையான நோயில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால் போதும், எந்த நேரமும் அறிவித்தல் வரலாமென்று, விருந்துக்குப் போனாலும் சஹனில் சும்மா உட்கார்ந்து இறைச்சியெல்லாம் பக்கத்து ஆளின் பக்கம் தள்ளிவிடுவார். அவரோடு ஒரே சஹனில் உட்காரப் பெரிய அடிபிடி நடந்தது. விருந்து கொடுத்தவர்கள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

போன வருடம் என் வாப்பா ஒரு கிழமையாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். மைக் காக்காவின் ஒரே மகளின் கல்யாணத்தன்று பகல் மௌத்தானார். ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டு வந்து, நான் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றேன். அப்போது அந்த ஆட்டோ வந்தது. கல்யாணச் சட்டை கசங்காமல், அத்தர் மணத்தோடு உட்கார்ந்திருந்தார். வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், என் பெயர், தம்பி தங்கச்சிகள் ஐந்து பேரின் பெயர்கள், நல்லடக்க நேரம், எல்லாம் ஒரே மூச்சில். மைக்கை அணைத்த பிறகுதான் தேம்பினார்.

மூன்று நாள் கழித்து அவருடைய மனைவி வந்து என் உம்மாவிடம் குறைப்பட்டார். "மகள்ட கல்யாணத்துல, மாப்பிள வீட்டாரோட சஹன்ல குந்தின மனுசன் ஒரு பிடி சோறு திங்கல்ல. எனக்கு வெக்கமாப் போச்சு!"

ஓடிப்போய் அவரையே கேட்டேன். "பெத்த மகள்ட கல்யாணச் சோறு காக்கா. ஏன் திங்கல்ல?"

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உங்கட வாப்பாவ நான் பாதியில விடுவனா தம்பி?"