டக்கென்று ஒட்டிய காறை எலும்பு

சாந்தன்பாறைக்கு மேலே அரை மைலுக்கு ஜீப் வரிசை. கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று தனித்தனியாகப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒன்றாக நின்றார்கள். ஏமாறுவதில்தான் என்ன ஒற்றுமை!

வரிசை முடியும் கொட்டகைக்குள் இருந்தவர், பெருமாட்டியிலிருந்து வந்து இறங்கி, தன்னைச் சென்னிமலைச் சித்தர் என்று சொல்லிக்கொண்டவர். உடைந்த தோளில் கையை வைப்பார். கண்ணை மூடுவார். 'டக்' என்று சத்தம் கேட்கும். எலும்பு ஒட்டிவிட்டதாம்! பிறகு கையை மடித்துக் கழுத்தோடு கட்டி, "ஆறு வாரம் அசைக்காதீங்க" என்பார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள காறை எலும்பு முறிந்தால், பல சமயம் அப்படிக் கட்டி வைத்தாலே தானாக ஒட்டும். வேலை எலும்புடையது; பெயர் சித்தருடையது.

ஏலத்தோட்டத் தொழிலாளி அமிர்தநாதன் ஜீப்பிலிருந்து விழுந்தபோது, எலும்பு அவ்வளவு சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு துண்டும் விலகி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தோலை முட்டிக்கொண்டு நின்றது.

"ஆபரேஷன் வேணும். ரெண்டு வாரத்துக்குள்ள செஞ்சா நல்லது. தள்ளிப்போட்டா சிக்கல்" என்றார் டாக்டர்.

கத்திக்குப் பயந்த அமிர்தநாதன் நேரே சித்தரிடம் போனார். டக்! விழுந்து ஒன்பது நாள் ஆயிற்று. வலி குறையாமல் மறுபடி போனார்.

"அமாவாசை கழிஞ்சு வாங்க" என்றார் சித்தர். அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள்.

"சத்தம் கேட்டுச்சுல்ல புள்ள?" என்றார் அமிர்தநாதன்.

"கேட்டுச்சு. ஒட்டுன எலும்பு ஏன் துருத்திக்கிட்டு நிக்கி?" என்றாள் மனைவி அன்னாள்.

மறுநாள் தன் நல்ல கையைத் துண்டால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, அவளே வரிசையில் நின்றாள். அமிர்தநாதன் பின்னால் முழித்துக்கொண்டு நின்றார்.

சித்தர் அவள் தோளைத் தொட்டார். "அடடா! ரெண்டு துண்டாப் போச்சுங்களே அம்மிணி!" டக். "ஒட்டிப்போச்சுங்க!"

அன்னாள் துண்டை அவிழ்த்தாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி வீசிக் காட்டினாள்.

"எனக்கு எலும்பே உடையலையே சாமி! எது ஒட்டுச்சு?"

அவள் சித்தரின் அங்கிக் கையைப் பிடித்து உதறினாள். பிள்ளைகள் அமுக்கி விளையாடும் தகரத் தவளை ஒன்று கீழே விழுந்தது. ஜீப் டிரைவர் ஜிதின் அதை எடுத்து அமுக்கினான். டக்!

"சத்தத்துலயும் சக்தி இருக்குதுங்க..." என்றபடியே சித்தர் செருப்பைத் தேடினார்.

வெட்கத்தில் அமிர்தநாதன் மனைவி முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார். பதினோராம் நாள் ஆபரேஷன். எலும்பில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். சொன்ன பயிற்சியை விடாமல் செய்தார். நான்கு மாதத்தில் ஏலக்காய் மூட்டை மறுபடி அவர் தோளில் ஏறியது.

முதல் நாள் எக்ஸ்ரேயைப் பார்த்து, "இது என்னுதுதானா?" என்று டாக்டரை மூன்று தடவை குடைந்தவர்தான் இவர். சித்தரிடம் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை.

கேளுங்களய்யா! கேள்வி கேட்டு எவனுக்கும் எலும்பு முறிந்ததில்லை.