ஆனந்தத்தில் சுட்ட குண்டுகள்

சமாதானத்தை ஒருமுறைகூடக் காணாத ஊர்கள் உலகில் உண்டு. ஒருமுறை கண்டு, அதோடு திருப்தியடைந்துவிட்ட சாதாரண ஊர்களும் உண்டு. ஆனால் ஒரே போருக்குள் பதினெட்டு முறை சமாதானம் கண்ட பெருமை போஸ்னியாவின் யாசெனிக் நகரத்துக்கே உரியது. சமாதானம் அங்கே ஆள் விட்டு அழைக்காமலே வரும். சொல்லாமலே போகும்.

பதினெட்டாவது போர்நிறுத்தம் கையெழுத்தான மதியம், ஊரின் ஒரே ஹோட்டலில், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஒட்டிய கூடத்தில், அஸ்மிரா மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். போருக்கு முன் அவள் பள்ளி ஆசிரியை. இப்போது போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் மொழிபெயர்ப்பாளர். எளிய வேலைதான். ஒரு தரப்பு மறு தரப்பின் தாயாரைப் பற்றி ஏதாவது சொன்னால், ‘தன் கவலையைப் பதிவு செய்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

அன்று அவள் மனம் கூடத்தில் இல்லை, பாலத்தில் இருந்தது. ஊருக்கு நடுவே ஆறு, கரைக்கு ஒரு தரப்பு. இக்கரையில் மருத்துவமனை. அக்கரையில், பாலத்தின் முனையில், உலகத்தின் ‘அக்கறை’ ஒரு வெள்ளை லாரியாக நின்றது. உள்ளே மருந்து. மருத்துவமனை நிலவறையில் அவள் தம்பி சேனாத், ஊர் பஸ் டிரைவர், வலது காலில் சீழ் பிடித்துப் படுத்திருந்தான். டாக்டர் நெவென்கா காலையிலேயே சொல்லிவிட்டார்: “மருந்து இன்னிக்கு வந்தா காலைக் காப்பாத்திடலாம்மா. வரலேன்னா சேனாத்தைக் காப்பாத்தலாம், காலை இல்ல.”

“பிரேக் மிதிக்கிற கால் டாக்டர், பாத்துப் பண்ணுங்க” என்றான் சேனாத்.

போர்நிறுத்தம் ‘அமலில்’ இருந்தால் லாரி பாலத்தைக் கடக்கலாம். இது விதி.

கையெழுத்து முடிந்தது. பிளம் பழச் சாராயமான ரக்கியா ஊற்றப்பட்டது. ரக்கியா இல்லாமல் அந்த ஊரில் மாடுகூடக் கைமாறாது. சமாதானம் எப்படி மாறும்? இக்கரைக் கேப்டன் ருஸ்மிரும் அக்கரைக் கேப்டன் மிலோராத்தும் கோப்பைகளை மோதிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கால்பந்து அணி.

“நீ கோல்கீப்பரா நின்னப்பவே எல்லையைக் காக்கத் தெரியாதவன்” என்றார் மிலோராத்.

“தரப்பு தன் கவலையைப் பதிவு செய்கிறது” என்றாள் அஸ்மிரா.

குழுத் தலைவர் கர்னல் ஹால்வோர், வடக்கே ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர், மகிழ்ந்து தலையசைத்தார். ஜன்னல் வழியே பார்த்தால், தண்ணீர் கேன்களோடு ஜனங்கள் ஆற்றங்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். லாரி என்ஜினைப் போட்டது.

அப்போது இக்கரையில் ஒருவன் மகிழ்ந்தான். துப்பாக்கியால்.

அதில் தவறு ஏதும் இல்லை. கல்யாணமானாலும், பையன் பிறந்தாலும், பந்தாட்டத்தில் ஜெயித்தாலும் வானத்தைச் சுடுவது இரு கரைக்கும் பொதுவான பண்பாடு. சமாதானத்துக்குச் சுடாமல் வேறு எதற்குச் சுடுவது? மகிழ்ச்சியில் பின்தங்கக் கூடாதென்று அக்கரையும் சுட்டது. இக்கரை இயந்திரத் துப்பாக்கியால் மகிழ்ந்தது.

“டேய் ருஸ்மிர், உங்காளு சுடுறான்.”

“சந்தோஷத்துல சுடுறான்டா. மேல பாத்துத்தான் சுடுறான்.”

“மேல போனது எங்கடா இறங்கும்? எங்கம்மா வீட்டு ஓட்டுல இறங்குது.”

“உங்கம்மா வீட்டு ஓடு பத்து வருசமாவே ஒழுகுது.”

மிலோராத் வயர்லெஸ்ஸில் ஏதோ சொன்னார். அக்கரையின் ஆனந்தம் மோர்ட்டார் அளவுக்கு உயர்ந்தது.

கர்னல் பதறவில்லை. பெரியவர்கள் பதற மாட்டார்கள், துணைக்குழு அமைப்பார்கள். மேஜைக்கடியில் உடனே கூட்டம் கூடியது. ‘மகிழ்ச்சிக் குண்டு’, ‘மீறல் குண்டு’ இரண்டுக்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது: வானை நோக்கிச் செல்வது மகிழ்ச்சி, நேராகச் செல்வது மீறல்.

“மோர்ட்டாரும் முதல்ல மேலதானே போகுது” என்றார் மிலோராத்.

அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே போர்நிறுத்தம் முறியவில்லை.

அஸ்மிரா மேஜைக்கடியில் கர்னலை நெருங்கி உட்கார்ந்தாள். “அப்ப அமல்லதானே இருக்கு? லாரியை விடச் சொல்லுங்க.”

“சுடுகிறார்களே அம்மணி. ஆபத்து.”

“சரி, முறிஞ்சு போச்சுன்னு எழுதுங்க. அவசர வண்டின்னு தனி அனுமதி கேட்டு வாங்கிடலாம்.”

“முறிந்தது என்று எழுதினால் குழுவைக் கலைத்துவிடுவார்கள். பிறகு சமாதானத்தைக் கண்காணிக்க யார் இருக்கிறார்கள்?”

“அப்ப இப்ப அது என்னதான் கர்னல்?”

அவர் யோசித்தார். “தளர்ந்திருக்கிறது.”

தளர்ந்த போர்நிறுத்தத்தின் அடுத்த குண்டு பாலத்தின் நடுவில் விழுந்தது. லாரி பின்வாங்கியது; குழுவின் குறிப்பில் அது ‘மறுநிலை கொண்டது’. மூன்று தலைநகரங்கள் ஆழ்ந்த கவலை தெரிவித்தன. நான்காவது, வாசகத்தில் ‘ஆழ்ந்த’ என்பதா ‘மிகுந்த’ என்பதா என்று ஆலோசித்தது. ஆற்றங்கரையில் தண்ணீர் கேன்கள் மட்டும் கிடந்தன. தையல்காரர் இப்ரோ தன் கேனுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். போர் நடந்த நாட்களிலெல்லாம் வீட்டைவிட்டு வெளியே வராதவர்.

மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் குனிந்தபடி ஓடி வந்தாள். “அஸ்மிராக்கா, டாக்டர் இனிமே காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க. மயக்க மருந்தும் இல்ல. குடிக்கக் காட்டமா ஏதாவது இருந்தா கொண்டுவரச் சொன்னாங்க.”

அஸ்மிரா மூலையிலிருந்த ரக்கியாப் பெட்டியைத் தூக்கினாள்.

“அது பத்தொன்பதாவது போர்நிறுத்தத்துக்காக ஒதுக்கியது” என்றார் கர்னல்.

“பதினெட்டாவதுக்கே இன்னும் செலவு முடியல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிலவறையில் சேனாத் குடித்தான். அக்கா ஊற்ற ஊற்றக் குடித்தான். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் கத்தியபோது வெளியே மோர்ட்டாரும் மகிழ்ந்துகொண்டிருந்ததால், அவன் குரல் எந்தத் தரப்பின் கணக்கிலும் சேரவில்லை.

மறுநாள் காலையில் கர்னல் நலம் விசாரிக்க வந்தார். கையில் ஒரு டப்பா பிஸ்கட்டும், பத்தொன்பதாவது போர்நிறுத்தத்தின் வரைவும் இருந்தன. சேனாத்துக்குப் போதை முழுசாகத் தெளியவில்லை. போர்வை வலப்பக்கம் முழங்காலோடு தட்டையாகிப் போயிருந்தது.

“இந்தாளு யாருக்கா?”

“போர்நிறுத்தம் பண்றவரு.”

சேனாத் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “சாருக்கு ஒரு விஷயம் சொல்லுக்கா. நான் பதினொரு வருசம் பஸ் ஓட்டினவன். நிறுத்தம்னு ஒரு போர்டு நட்டா என்ன அர்த்தம்? ஜனம் வெளிய வந்து அங்க நிக்கும். வண்டி வரும். நிக்கும். ஆளை ஏத்திக்கிட்டுக் கிளம்பிடும். இவரு நட்ட போர்டும் அதான். நேத்து இப்ரோ மாமா ஏறிட்டாரு. என்னோட கால் மட்டும் ஏறிடுச்சு. அடுத்த போர்டை எங்க நடப் போறாருன்னு கேளு, ஊருக்குச் சொல்லி வைக்கலாம். யாரும் அங்க வந்து நிக்க வேணாம்.”

“என்ன சொல்கிறார்?” என்றார் கர்னல், பேனாவைத் திறந்தபடி.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதன்முறையாக அஸ்மிரா எதையும் மாற்றவில்லை. ஒரு சொல் விடாமல், நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னாள்.

கர்னல் கவனமாகக் கேட்டார். தலையசைத்தார். அன்று மாலை தலைநகரங்களுக்குப் போன அறிக்கையின் கடைசி வரி இது:

‘யாசெனிக்கில் பேருந்துப் போக்குவரத்து சீராக இயங்கத் தொடங்கியிருப்பதாகப் பொதுமக்கள் தெரிவித்தனர்.’