ஐந்தாவது விரல்

"கண்ணு, வண்டி மட்டும் ஓட்டுனவனுக்கும் கொலைக் கேஸ் வருமா?"

இட்லியைப் பிட்ட கை அந்தரத்தில் நிற்க, ஆறுச்சாமி கேட்டார். மகள் கயல்விழி சட்டக் கல்லூரியில் முதலாண்டு. யாராவது சட்டம் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவள்.

"அமெரிக்காவுல வருமுங்கப்பா. கொள்ளையடிக்கப் போன எடத்துல ஆராச்சும் செத்தா, வெளிய வண்டியில இருந்தவனும் கொலைகாரந்தான்."

"நம்மூர்ல?"

"அத்தன மோசமில்லீங்க. அஞ்சு பேராச்சும் சேர்ந்து கொள்ளையடிக்கோணும். அதுல ஒருத்தன் கொலை செஞ்சாத்தான் அத்தன பேருக்கும் தூக்கு வரைக்கும் போகும்."

ஆறுச்சாமிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "நாங்க நாலே பேருதான்."

"நாங்களா?"

வேறு வழியில்லாமல் சொன்னார். சமையல் காண்ட்ராக்டர் வம்சியின் பெரிய மாவு கிரைண்டரை மதுக்கரை அரங்கசாமி ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப்போய் எட்டு மாதமாகத் திருப்பித் தரவில்லை. அவர் குடும்பத்தோடு திருப்பதி போயிருக்கிறார் என்று தெரிந்ததும், அன்று விடிந்த கையோடு வம்சியும் மூன்று ஆட்களும் பின்கதவை நெம்பி உள்ளே போனார்கள். ஆறுச்சாமி வேனில் காத்திருந்தார். சமையலறையில் யாரோ ஒருவன் மல்லாந்து, விழித்த கண்ணோடு அசைவில்லாமல் கிடந்தான். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

"உங்களையுஞ் சேர்த்தாப்பா நாலு?"

ஆறுச்சாமி எண்ணினார். வம்சி, மூன்று ஆட்கள். ஸ்டியரிங் பிடித்தவனுக்கு ஐந்தாவது விரலை மடக்க வேண்டியிருந்தது.

"கிரைண்டர இருந்த எடத்துலயே வெச்சுப்போட்டு வந்தர்றோம்!" என்று எழுந்து ஓடினார்.

ஒரு மணி நேரத்தில் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "வெச்சாச்சு கண்ணு. ஆனாப் பொணத்தக் காணம்!"

"அய்யய்யோ! ரெண்டாந்தரமும் அடுத்தவுங்க ஊட்டுக்குள்ள பூந்துட்டீங்க. போதாததுக்குப் பொணத்த மறைச்சதும் நீங்கதான்னு சொல்லுவாங்க!" தலையில் கை வைத்தவள் சற்று யோசித்தாள். "இருங்கப்பா. பயத்துல நெஞ்சடைச்சுச் செத்திருந்தா அது கொலையே இல்ல. ஆராச்சும் அவனத் தொட்டீங்களா?"

"ஒருத்தருந் தொடலியே! கண்ணத் தொறந்துட்டுக் கெடக்கறான், பாவம்னு சொல்லி வம்சிதான் அவன் மூஞ்சி மேல மாவுச் சாக்கப் போட்டு மூடுனான். அவ்வளவுதான்."

"அப்ப அவனுக்கு மூச்சு இருந்திருந்தா?"

ஆறுச்சாமி வந்த காலோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் உட்காரச் சொல்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "சாக்குப் போட்டது பாவம் பாத்துத்தானுங்க சார். கொல்லோணும்னு இல்லீங்க!"

இன்ஸ்பெக்டர் வாய் திறக்குமுன், காலையில் பிடிபட்டு மூலை பெஞ்சில் தலையெல்லாம் மாவாக உட்கார்ந்திருந்த ஒருவன் தும்மிக்கொண்டே எழுந்து கும்பிட்டான்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுக்காரங்க நீங்கதான்னு பயந்துதானுங்க செத்தாப்ல படுத்தேன். நானுந் திருடத்தானுங்க வந்தேன்!"