கறையான் அட்டை

என் வாழ்க்கையில் எனக்கு வந்த மிகச் சிறந்த யோசனைதான் அப்பாவின் ஒரே நண்பரை எங்களிடமிருந்து பிரித்தது.

அது பிரிக்பீல்ட்ஸ் பஸ் நிறுத்தத்தில் வந்தது. 1985-ல், டிப்ளமா வாங்கி ஒரு வருடமாக வேலை இல்லை. கொட்டுகிற மழையில் சட்டை, பைல், சான்றிதழ் எல்லாம் நனைந்துவிட்டன. சாக்கடை ஓரத்துச் சேம்பு இலை மட்டும் நனையவில்லை. தண்ணீர் அதன்மேல் உருண்டு ஓடியது. (டிப்ளமா எனக்கு, மூளை அதற்கு.) எந்தச் சிக்கலுக்கும் ஏதோ ஒரு செடியோ பூச்சியோ ஏற்கெனவே விடை வைத்திருக்கிறது. தேடித்தர ஒரு கருவிதான் இல்லை!

மூன்று மாதம் நூலகத்தில் கிடந்து அதைச் செய்தேன். இருநூறு அட்டைகள், அட்டைக்கு ஓர் உயிர். ஓரத்தில் வரிசையாகத் துளைகள்: வெப்பம், தண்ணீர், ஒட்டுதல் என்று. அந்த உயிருக்குத் தெரிந்த வித்தையின் துளையை மட்டும் விளிம்புவரை வெட்டிவிடுவேன். அம்மாவின் பின்னல் ஊசியை ‘வெப்பம்’ துளையில் விட்டுத் தூக்கினால், வெப்பத்தைச் சமாளிக்கத் தெரிந்தவை மட்டும் கீழே விழும்.

அப்பாவின் நண்பர் சிவா அங்கிள் கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பேக்கிங் கூடத்தில் வெக்கை தாங்காமல் பெண்கள் மயங்கி விழுகிறார்கள் என்றார்.

“தவுக்கேகிட்ட நான் சொல்றேன். சரியா செஞ்சா வேலை நிச்சயம்லா. என் பேரைக் கெடுத்துடாதடா.”

தவுக்கே என்கிற முதலாளி முன்னால் ஊசியைத் தூக்கினேன். கறையான் அட்டை விழுந்தது. புற்றுக்குள் எப்படிக் கீழே காற்று நுழைந்து மேலே வெளியேறுகிறது என்று ஒரு மணி நேரம் பேசினேன். (அவர் கேட்டது ‘எத்தனை நாள் ஆகும்?’ என்று மட்டும்தான்.)

அது மழை வாரம். சுவரடியில் துளைகள் போட்டு, கூரையில் உயரமான தகரப் புகைபோக்கி வைத்தோம். தீபாவளி ஆர்டர் தொடங்கிய அன்று வெயில் வந்தது. கூடத்துக்குள் காற்று ஜிலுஜிலுவென்று வீசியது. பேக்கிங் அக்காக்கள் கை தட்டினார்கள். ஒருத்தர், “தம்பிக்குப் பொண்ணு பாக்கலாமா?” என்றுகூடக் கேட்டார். நான் அந்தச் சந்தோஷத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் கருவாடு காயப்போடும் முற்றம். மழை வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. வெயில் ஏற ஏறக் கருவாடு பரப்பினார்கள். வெயில் ஏற ஏற என் புகைபோக்கியும் நன்றாக இழுத்தது. தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்த பிஸ்கட் அத்தனையும் மூன்று நாள் அந்தக் காற்றைக் குடித்தன. உள்ளே இருந்தவர்களுக்கு மூக்கு பழகிவிட்டது.

தீபாவளிக்கு முன்பே டின்கள் திரும்பி வந்தன. முதலாளி ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.

“ஈக்கான் மாசின்?”

‘கருவாடா?’ என்று அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

எனக்கு இல்லாத வேலை போகவில்லை. சிவா அங்கிளை லோரி ஏற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பாவோடு கோயிலுக்கு வந்தவர், அதன்பிறகு வேறு தெரு வழியாகப் போனார். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. யாரிடமும் எனக்காகச் சிபாரிசும் கேட்கவில்லை. மூன்று வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் பிஸ்கட் டின் திறந்தால், “இரு, முதல்ல இவன் மோந்து பாக்கட்டும்” என்று தங்கை நீட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்.

கறையான் இடம் பார்த்துத்தான் புற்று கட்டுகிறது. அதை நான் அட்டையில் எழுதவே இல்லை. இப்போது இருநூறு அட்டையிலும் புதிதாக ஒரு துளை போட்டு முடித்திருக்கிறேன்: ‘பக்கத்தில் என்ன?’

நேற்று அப்பாவின் அறை வெக்கையைக் குறைக்கலாமா என்று கேட்டேன். அவர் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

“பக்கத்து வீட்ல என்ன சமைக்கிறாங்கன்னு கேட்டுட்டு வா.”

கேட்டு வந்துவிட்டேன். சாம்பார்தான். ஆனால் கூரையில் புகைபோக்கி வைக்க ஏணியைச் சாத்துவதற்கு முன், கிள்ளான் தொழிற்சாலைக்கு ஒரு பஸ் பிடிக்கவேண்டும். ஏணி பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சிவா அங்கிளைக் கேட்கப்போகிறேன்.