பெரியப்பாவின் குறைபாடுகள்: ஓர் ஆய்வு

அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் அது ஆளை விட்டுவிட்டு, ஓர் அந்தியேட்டிச் சடங்கு வீட்டைக் கெடுத்தது.

அப்போது நான் புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் போய்த் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படை, 'நான் கண்ட காலைப்பொழுது'. பொன்னிறக் கதிரவன் கடல்மகளின் கன்னத்தில் முத்தமிட்டான் என்று தொடங்கி, பக்கம் பக்கமாக முத்தமிட வைத்திருந்தேன். விரிவுரையாளர் மிஸ் ஓரத்தில் சிவப்பு மையால், "நீர் எத்தனை மணிக்கு எழும்புவீர்?" என்று மட்டும் எழுதியிருந்தார். (எட்டு மணிக்கு. அதுவும் அம்மா தண்ணீர் தெளித்தால்தான்.)

இரண்டாம் வருடம் ஆய்வுக் கட்டுரை. "ஆர் சொன்னது? ஆதாரம் எங்கை?" என்று மிஸ் பிடித்த பிடியில் எனக்கு அடிக்குறிப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. மழை வரப்போகுது என்று அம்மா சொன்னால்கூட, தகவல் தந்தவர் யார் என்று கேட்பேன். மூன்றாம் வருடம் விமர்சனம். "நிறையை மட்டும் எழுதினால் அது விளம்பரம். குறையையும் துணிஞ்சு எழுதும்" என்றார். துணிந்தேன். வகுப்பிலேயே ஆகக் கூடிய புள்ளி எனக்குத்தான். தலைகால் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா காலமானார்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சடித்து, சாப்பிட வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம். எல்லாக் கல்வெட்டிலும் ஒரே ஆள்தான் செத்திருப்பார்: இன்முகம் காட்டி வரவேற்பவர், இல்லையென்று வந்தவர்க்கு இல்லையென்னாதவர். பெயரும் படமும் மட்டும் மாறும்.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் எழுதக் கொடுப்போம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மா விடவில்லை. "எங்கட பிள்ளை கம்பசிலை படிக்குது, வெளியாள் என்னத்துக்கு? அவள் எழுதட்டும். நான் பொறுப்பு" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். பெரியம்மாவின் அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே என்று நான் உயிரைக் கொடுத்து உழைத்தேன். சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி எழுதாமல், தீவுப்பகுதியின் முதலாவது நேர்மையான கல்வெட்டை எழுதுவதென்று முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டு வேலியோரம், அப்பாவின் சாய்மனைக் கதிரையடி, பெரியம்மா சமைக்கும் குசினி என்று போய்ப் போய்த் தகவல் திரட்டினேன்.

யாராவது முன்கூட்டியே வாசித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாசித்தார்கள்! மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் வரும் பக்கத்தை மட்டும். அதில் ஒரு பெயர் விடுபட்டால் பிறகு தலைமுறைக்கும் கதைக்கமாட்டார்கள். அச்சகத்துக்காரர் ஒருவர்தான் கேட்டார்.

"தங்கச்சி, கீழை இருக்கிற இந்தச் சின்ன எழுத்துகளும் வேணுமோ?"

"அதுதான் அண்ணை முக்கியம்" என்றேன்.

அந்தியேட்டியன்று சாப்பாடு முடிந்தது. பந்தலுக்குள் கல்வெட்டுகள் கைமாறின. கனடாவிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் மகன் ரவி அண்ணை, ஒலிவாங்கியைப் பிடித்து வாழ்க்கை வரலாற்றை உருக்கமாக வாசிக்கத் தொடங்கினார். பிறப்பு, கல்வி, கடை வியாபாரம், கோயில் திருப்பணி எல்லாம் அழகாகப் போனது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நான் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்து நின்றேன்.

"இனி அன்னாரின் குறைபாடுகளை நோக்குவோம்" என்று ரவி அண்ணை அதே உருக்கத்தோடு வாசித்தார்.

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கு விளங்கியது. நிறுத்திவிட்டார். நிறுத்தி என்ன பயன்? புத்தகம் எல்லோர் கையிலும் இருந்தது. பந்தல் முழுக்கச் சரசரவென்று பக்கம் திருப்புகிற சத்தம்.

'வேலி அடைக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லையை அயல் காணிக்குள் ஒரு சாண் நகர்த்தும் இயல்பினர்.' கீழே: 'தகவல்: பக்கத்து வீட்டுத் திரு. செல்வராசா.'

'சீட்டில் தோற்றால் சீட்டுக்கட்டையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்.' கீழே: 'தகவல்: அன்னாரின் தம்பி.' அதாவது என் அப்பா.

"செல்வராசா அண்ணை, எங்கட அப்பா வேலியைத் தள்ளினவரோ?" என்றார் ரவி அண்ணை. ஒலிவாங்கி இன்னும் கையில்தான் இருந்தது.

"ஐயோ தம்பி, நான் பகிடிக்குச் சொன்னனான்" என்று செல்வராசா அண்ணை எழுந்து நின்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எண்டாலும் ஒருக்கா அளந்து பாத்தால் நல்லம்" என்றார்.

அப்பா என்னைப் பந்தலில் தொங்கிய வாழைக்குலைக்குப் பின்னால் இழுத்தார். "என்ர பேரை ஏனடி போட்டனி?"

"பேர் போடேல்லை அப்பா, முறைதான் போட்டனான். ஆதாரம் வேணுமெல்லோ."

"ஆதாரமோ! வீட்டை வா, தாறன் ஆதாரம்!"

அதற்குள் குசினி வாசலில் பெரியம்மா வந்து நின்றார். கையில் கல்வெட்டு, மூக்கில் பெரியப்பாவின் கண்ணாடி. என்னை நம்பி ஊருக்கு முன்னால் பொறுப்பேற்ற மனுசி. கடைசி வரியில் நான் எழுதியிருந்தது இது: 'மனைவியின் சமையலை நன்று என ஒருநாளும் வாய்திறந்து சொல்லாதவர். தகவல்: அன்னாரின் மனைவி. இடம்: குசினி.'

பெரியம்மா அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. செத்த புருசனை அந்தியேட்டியன்றே குறை சொன்னவள் என்று அவரை நான் அச்சில் ஏற்றிவிட்டேனே! அழவும் பயமாக இருந்தது.

"அக்கா, உது பிழை" என்றார் செல்வராசா அண்ணை. தன் தலை தப்பினால் போதுமென்று நினைத்தாரோ தெரியாது. "மீன்குழம்பெண்டால் உங்கட கைக்கு இந்தத் தீவிலை ஆளில்லையெண்டு அவர் எனக்கு வேலிக்கு மேலாலை ஒவ்வொருநாளும் சொல்லுறவர். அதைக் கேட்டுக் கேட்டு என்ர வீட்டிலை எனக்குச் சண்டை."

பெரியம்மா மெல்லத் திரும்பி, மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார்.

"பாவி மனுசா! உதை என்னட்டைச் சொல்லியிருந்தா வாயிலையிருந்து முத்தோ உதிர்ந்து போயிருக்கும்?"

சொன்னவர் அழுதார். அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறியது. பந்தலும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"பிள்ளை, ஏன் அழுகிறாய்? நீ எழுதினதிலை பொய்யொண்டும் இல்லை" என்றார் பெரியம்மா. "குறையை எடுக்காதை. அது உண்மை. செல்வராசா சொன்னதையும் கீழை சேத்து இன்னொருக்கா அடி."

அடித்தோம். இரண்டாம் பதிப்பு கண்ட கல்வெட்டு எங்கள் தீவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இறுதி வருடத்தில் 'எழுத்தில் உமது வளர்ச்சி' என்று ஓர் ஒப்படை தந்தார்கள். வர்ணிக்கவும், ஆதாரம் காட்டவும், குறை சொல்லவும் வகுப்பில் கற்றேன். ஒரு மனிதரைப் பற்றிக் குசினியில் மட்டும் கேட்டால் போதாது, வேலிக்கு அந்தப் பக்கமும் போய்க் கேட்டு முடிக்க வேண்டும் என்பதைப் பந்தலில் கற்றேன் என்று எழுதிக் கொடுத்தேன். "உந்தக் கல்வெட்டில் ஒரு பிரதி எனக்கும் கொண்டுவாரும்" என்றார் மிஸ்.

இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் எந்த விருந்துக்கு நான் போனாலும், ஆண்கள் எல்லோரும் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "அருமையான சாப்பாடு!" என்று பலமாகச் சொல்கிறார்கள். அப்பா இன்னும் உசார். இலையில் சோறு விழுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்.