பதினான்காம் கேள்வியும் பச்சை வாளியும்

பதினான்காம் கேள்வியைப் படித்து முடித்ததும் பதில் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அலமாரி வரை போய், அதைத் திறந்து, மூடி, திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி படித்தார். கேள்வி மாறவில்லை.

"(அ) அரசு ஊழியர் குடியிருப்பு மூன்றாம் பிளாக்கின் படிக்கட்டில் கூரை ஒழுகுவதை அரசு அறியுமா? (ஆ) ஆமெனில், அங்கே ஒரு பச்சை வாளி இரண்டு வருடங்களாக வைக்கப்பட்டிருப்பதை அரசு எவ்வாறு நியாயப்படுத்துகிறது? (இ) அதே படிக்கட்டில் மின்விளக்கு எரியாதது ஏன்? (ஈ) அங்குள்ள சுவரோவியத்தின் மேல் காட்டிய அக்கறையில் பாதியையாவது கூரையின் மேல் காட்டும் எண்ணம் அரசுக்கு உண்டா?"

மூன்றாம் பிளாக்கில்தான் பதில் சார் குடியிருந்தார். பச்சை வாளி அவர் வீட்டு வாளி.

தலைநகரம் பெரிய மனசு பண்ணி அதிகாரத்தைப் பங்கு போட்டபோது, இந்தப் பிராந்திய அரசின் பங்குக்கு வந்தவற்றில் வீட்டுவசதி, மின்சாரம், கலை மூன்றும் உண்டு. மூன்றையும் ஒரே மந்திரியின் தலையில் கட்டியிருந்தார்கள். சபையில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்த மந்திரி வாயால் சொல்லும் பதில்களைக் கையால் எழுதுவது நம்மவர் வேலை. இருபது வருஷமாக எழுதியதில் அவருடைய சொந்தப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு ஏழு மந்திரிகளைக் கரை சேர்த்தவர். ஒரு பதிலை எழுதி அனுப்பிய கையோடு அதை மறந்துவிடுவார். மறக்காவிட்டால் இந்த வேலையில் தூக்கம் வராது.

பயத்தின் நடுவிலும் ஒன்றை அவரால் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. கேள்வி நல்ல கேள்வி. மூன்று துறைகளை ஒரே மூச்சில் மடக்கியிருந்தது. தப்பிக்க ஒரு சந்து இல்லை. எழுதியவன் சும்மா ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டார். வாளிக்கு நாலு வருஷம் ஆகிறது, இரண்டு என்று போட்டிருக்கிறானே என்ற ஒரு குறைதான் அவருக்கு.

கேள்வியின் கீழே இருந்த பெயரோ எதிர்க்கட்சிப் பேக்கரி அம்மாவினுடையது. தேர்தலுக்கு முன்பு ரொட்டிக்கடை நடத்தியவர். ஜெயித்து இரண்டு வருஷமாகியும் சபையில் வாய் திறந்ததில்லை. புது உறுப்பினர்களுக்குப் பதில் சார் நடத்திய பயிற்சி வகுப்பில் எல்லோரும் தூங்கியபோது இந்த அம்மா ஒருவர்தான் முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அந்த அப்பாவியா இப்படி எழுதியிருக்கும்? யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதையேதான் மந்திரியின் செயலாளரும் நினைத்தார். கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்தார்.

"பதில் சார், மூணாம் பிளாக்ல இருக்கறது நீங்கதானே?"

"ஆமா சார். மத்த மூணு வீட்டுக்காரங்களும் ஒழுகலுக்குப் பயந்து போயிட்டாங்க."

"அப்ப வாளி என்ன கலருன்னு எதிர்க்கட்சிக்கு எப்படித் தெரிஞ்சது? மந்திரி கொதிச்சுப் போயிருக்காரு. வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் எழுந்து நிக்கறப்ப அங்க வாளியும் இருக்கக் கூடாது, ஒழுகலும் இருக்கக் கூடாது. இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

பதில் சார் வீட்டை நினைத்தார். மகளுக்கு இந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சை. இந்த நேரத்தில் வீட்டை விட்டுக் கிளப்பினால் எங்கே போவது? அப்போதுதான் அவருக்கு மச்சினன் ஞாபகம் வந்தது.

மச்சினன் மின்சாரத் துறையில் லைன்மேன். வேறு வீடு கிடைக்கும்வரை பத்து நாள் என்று வந்தவன், மூன்று வருஷமாக ஹாலில் படுத்திருந்தான். வாளியைத் தினமும் பார்ப்பவன். வாய் ஓயாதவன். பதில் சாருக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

"சார், எழுதினது அரசு ஊழியர்தான், சந்தேகமே இல்ல. இப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடக் கூடாது. ஆர்டரை இப்பவே டைப் பண்ணிடறேன். பேரை மட்டும் நீங்க நிரப்பிக்கலாம்."

அடித்தார். 'மேற்படி கேள்வியின் வாசகத்தை எழுதிய ஊழியர் எல்லைப்புற ஆவணக் கிடங்குக்கு உடனடியாக மாற்றப்படுகிறார். மூன்றாம் பிளாக்கில் தங்கும் உரிமையை ஏழு நாளில் இழக்கிறார். மேல்முறையீடு கிடையாது.' ஹால் காலியாகும் காட்சி கண்முன் தெரிய, கடைசி வரியை அழுத்தி அடித்தார். செயலாளர் அங்கேயே கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"எங்க உன் தம்பி?"

"வந்ததும் வராததுமா அவன் என்ன பண்ணினான்?" என்றாள் மனைவி.

"பேக்கரி அம்மாவுக்குக் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கான்."

உள்ளேயிருந்து மச்சினன் துண்டோடு வந்தான். கேள்வியை வாங்கி உதட்டை அசைத்துப் படித்தான். "மாமா, என் லீவு லெட்டரையே அக்காதான் எழுதித் தரா. 'எவ்வாறு நியாயப்படுத்துகிறது'ன்னு நான் எழுதுவேனா? இந்த மாதிரி உங்களை மாதிரி ஆளுங்கதான் எழுதுவாங்க."

"பேச்சை மாத்தாதே!"

"என் தம்பி மேல பழி போட்டீங்க, அப்புறம் தெரியும்" என்றாள் மனைவி. "நாலு வருஷமா வாளியை நான்தான் கொட்டிக் கொட்டி வைக்கறேன். ஊர்க் கூரைக்கெல்லாம் பதில் எழுதறவருக்குத் தன் கூரை தெரியல."

பதில் சார் அவளோடு வாதாட நிற்கவில்லை. படிக்கட்டுக்குப் போய் வாளியைத் தூக்கி வந்து குளியலறையில் ஒளித்தார். வாளி விஷயம் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொள்ள வாளி இல்லாத தண்ணீர் சுவர் வழியே இறங்கியது. அந்தச் சுவரில்தான் கலைத்துறை 'எல்லோர்க்கும் ஓவியம்' திட்டத்தில் ஒரு பெரிய சூரியனை வரைந்திருந்தது. சூரியனுக்கு நடுவே ஏதோ பொரிந்தது. வீடு இருண்டது.

"அப்பா, நாளைக்கு டெஸ்ட்!" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"ஃபியூஸ் பெட்டி எங்கடா?" என்றார் பதில் சார்.

மச்சினன் டார்ச் அடித்துக் காட்டினான். "சூரியனோட மூக்குக்குப் பின்னாடி. பெட்டியோட கதவு மேலயே பெயிண்ட் அடிச்சுட்டாங்க. படிக்கட்டு லைட்டு எரியாததும் அதனாலதான். திறக்கணும்னா கலைத்துறை அனுமதி வேணும். ரெண்டு தடவை எழுதிக் கேட்டோம். பரிசீலனையில் உள்ளதுன்னு பதில் வந்தது."

அந்தப் பதிலை எழுதியது யார் என்று பதில் சார் விசாரிக்கவில்லை. "திற. நான் பாத்துக்கறேன்."

மச்சினன் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினான். பெட்டி திறந்தது, விளக்கும் வந்தது. அந்த விளக்கொளியில் பார்த்தால் சூரியனுக்கு மூக்கு இல்லை. மூக்கு நாலைந்து துண்டாகப் படியில் கிடந்தது.

அரசு ஓவியத்தைச் சேதப்படுத்துவது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பது பதில் சாருக்கு மனப்பாடம். இருப்புக் கொள்ளாமல் ஹாலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தார். துண்டுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். விடிந்ததும் விடியாததுமாக, சேதத்துக்கு மழையே காரணம் என்று சொல்லிக்கொண்டு கலைத்துறை அதிகாரியம்மாவைத் தானே கூட்டி வந்தார். மறுபக்கம் வீட்டுவசதி இன்ஜினியரையும் கூரைக்கு ஏற்றினார். தார் ஷீட்டும் ஏணியுமாக இரண்டு ஆட்கள் தயாராக நின்றார்கள். இன்றைக்குள் முடிந்துவிடும் என்று பதில் சார் மூச்சு விட்டார்.

அதிகாரியம்மா சுவரைப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மூக்கில்லாத சூரியனின் மேல் பச்சையும் பழுப்புமாக ஈரம் வழிந்திருந்தது.

"யார் பண்ணினது இது?" என்றார்.

"மழைங்க" என்றார் பதில் சார்.

"பிரமாதம்! நாங்க வரைஞ்சப்ப செத்துக் கிடந்துது இந்தச் சூரியன். இப்பத்தான் அழுவுது." மேலே நிமிர்ந்து, "ஏணியை இறக்குங்க! ஒழுகல் நின்னா படைப்பு நின்னு போயிடும். நிபுணர் குழு வந்து பாக்கற வரைக்கும் யாரும் கூரையைத் தொடக் கூடாது" என்றார்.

"மேடம், நாளைக்குச் சபைல…"

"இங்க ஏதோ வட்டமா தடம் இருக்கே. என்ன இருந்துது?"

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் வாளியைக் கொண்டுவந்து அதன் பழைய இடத்திலேயே டொக்கென்று வைத்தாள்.

"இது இல்லாமயா!" என்று அதிகாரியம்மா கை தட்டினார். மதியத்துக்குள் சுவரைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. வாளியின் முன்னால் ஒரு அட்டை வந்தது: 'சூரியனின் கண்ணீர். மழை, சுவர், பச்சை வாளி. நான்கு ஆண்டுகள். தொடாதீர்கள்.' வீட்டுக்காரர்கள் இனிக் கயிற்றுக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்ஜினியர் தார் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பதில் சார் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். தண்ணீர் சொட்டும் சத்தம் ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. எட்டாவது தடவை எழுதியதைத்தான் மந்திரியின் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சபையின் ஓரத்தில் அதிகாரிகளுக்கான கூண்டில் போய் உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பேக்கரி அம்மா எழுந்து, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறு பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலக் கேள்வியைப் படித்து முடித்தார்.

மந்திரி தொண்டையைச் செருமினார். "(அ) அரசு அறியும். (ஆ) உறுப்பினரின் தகவல் தவறு. வாளி அங்கே இரண்டு வருடங்களாக அல்ல, நான்கு வருடங்களாக இருக்கிறது. அது வாளி அல்ல, கலைப்படைப்பு. (இ) ஓவியத்தின் நிறம் மங்காமல் இருக்க, வெளிச்சம் தவிர்க்கப்படுகிறது. (ஈ) கூரைக்கு மேலே இருப்பது மழை. மழை நம் பிராந்தியத்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரங்களில் இல்லை. அதைப் பற்றித் தலைநகரத்தைத்தான் கேட்க வேண்டும்."

ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது. எதிர்க்கட்சிப் பெஞ்சில் ஒருவர் துணைக் கேள்விக்கு எழுந்தார். "அப்படியானால் அந்தப் படைப்பாளி யார்?"

மந்திரி கூண்டைப் பார்த்தார். பதில் சார் சீட்டு எழுதி அனுப்பினார். மந்திரி அதை வாங்கி, "பரிசீலனையில் உள்ளது" என்று வாசித்தார். சபை முழுவதும் சிரித்தது. சிரித்தபடியே பதினைந்தாம் கேள்விக்குப் போயிற்று.

தப்பித்தோம் என்று பதில் சாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மந்திரி பிழைத்தார், வீடு பிழைத்தது, மகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள். பாக்கி இருப்பது மச்சினன் கணக்கு ஒன்றுதான். தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்துக்கு ஓடினார். அந்தக் கோடியில் செயலாளர் ஜன்னல் விளிம்பில் அந்த மாற்றல் ஆர்டரை விரித்து வைத்து, ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர் கிடைத்துவிட்டது போலிருக்கிறது! மச்சினனுக்குக் கிடங்கில் ஹால் உண்டா என்று நினைத்தபோது பதில் சாருக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் காதால் கேட்டுவிட்டால் மனசு ஆறும். பேக்கரி அம்மா இந்தப் பக்கம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கேள்வி பிரமாதம்" என்றார் பதில் சார் ரகசியமாக. "மச்சினன்தானே எழுதிக் கொடுத்தான்? என்கிட்ட சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டேன்."

பேக்கரி அம்மா முகமெல்லாம் பூரித்துப் போனார்.

"எந்த மச்சினன் சார்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வகுப்புல 'மாதிரிக் கேள்வி'ன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அந்தத் தாளைப் பாத்துதான் ஒரு எழுத்து மாத்தாம எழுதினேன். இப்பத்தான் செயலாளர் வந்து கேட்டாரு, கீழ உங்க கையெழுத்தைக் காட்டினதும் ரொம்ப சந்தோஷமா வாங்கிட்டுப் போனாரு!"