ஓட்டுநர் போட்ட ஓய்வுநாள் சட்டம்

சனிக்கிழமை மாலை குடும்ப ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், பஸ் ஓட்டுநர் கையை உயர்த்தி எல்லோரையும் மறுபடி உட்கார வைத்தார். எல்லோரும் என்றால் இரண்டே பேர்தான், மனைவியும் மகளும். ஆனாலும் அவர் தொண்டையைக் கனைத்த கனைப்பு ஒரு மாநாட்டுக்கே போதும்.

“நாளையிலேருந்து நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழமை நிஜமான ஓய்வுநாளா இருக்கப் போகுது,” என்றார்.

மனைவி பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “இப்போ எப்படி இருக்கு?”

“இப்போ நாய் படாத பாடு படுறோம். அதான் சட்டம் போடப் போறேன். ரொம்பச் சுலபமான சட்டம். ஆறு நாளும் யார் என்ன செய்றாங்களோ, அதை அவங்க ஏழாம் நாள் செய்யக்கூடாது. அவ்வளவுதான்.”

கேட்பவர்களுக்கு இது பக்தியில் பிறந்த சட்டமாகத்தான் தெரியும். உண்மையில் அது சிவப்பு விளக்கில் நின்ற பஸ்ஸில் பிறந்தது. வாரம் முழுவதும் ஊராரை ஏற்றி இறக்கும் மனிதர், ஞாயிறானால் வீட்டின் பழைய காரில் உறவினரை ஏற்றி இறக்கினார். முதலில் மாமியாரை ஏற்ற வேண்டும். பிறகு பாடகர் குழுவில் பாடும் இரண்டு அம்மாக்களை, அவர்களுடைய குடைகளோடு. ஆராதனை முடிந்ததும் அவரவர் வாசலில் இறக்க வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போக வேண்டும். யாரும் ஆஸ்பத்திரியில் படுக்காத வாரத்தில் காய்கறிச் சந்தை. பஸ்ஸிலாவது பயணிகள் பின்னால் இருப்பார்கள். காரில் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து வழி சொல்வார்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஆலயத்திலிருந்து வந்து, முன்னறை சோபாவில் காலை நீட்டி, யாரும் எழுப்பாத ஒரு மத்தியானம். அதைக் கேட்டு வாங்க முடியாது என்று தெரிந்ததால்தான் அதற்கு ஒரு சட்டையை மாட்டி, சட்டம் என்று பெயர் வைத்தார்.

“நல்ல சட்டங்க,” என்றாள் மனைவி.

ஓட்டுநருக்கு முதல் குழப்பம் அங்கேயே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எந்த யோசனையும் இத்தனை சீக்கிரம் நிறைவேறியதில்லை.

“நிஜமாத்தான் சொல்றியா?”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இது அதைவிடப் புதுசாக இருந்தது.

மறுநாள் காலையில் கார் நின்ற இடத்திலேயே நின்றது. குடும்பம் ஆலயத்துக்கு நடந்தது. வழியில் சேர்ந்துகொண்ட மாமியாரும் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் முதுகை முறைத்தபடி நடந்தார். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். ஸ்டியரிங் இல்லாத கைகள் இத்தனை லேசா என்று அவருக்கே ஆச்சரியம்.

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. இதுவரை ஒரு நாளும் சாட்சி சொல்லாத மனைவி எழுந்தாள். தன் வீட்டுக்காரர் போட்ட சட்டத்தை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பெண்கள் பக்கமிருந்து பலமாக ஓர் “ஆமென்” வந்தது. ஆண்கள் பக்கம் மூச்சுக்கூட வரவில்லை. ஓட்டுநர் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அவர் கவனித்தது போதகரின் முகத்தை மட்டும்தான். போதகர் உருகிப்போய் அவரை எழுந்து நிற்கச் சொன்னார்.

“இந்தத் தீர்மானத்துல கடைசி வரைக்கும் நிப்பீங்களா?”

“நிப்பேன் ஐயா,” என்றார் ஓட்டுநர். நிற்பது என்றால் என்னவென்று அப்போது அவருக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். சோபாவில் சாய்ந்தார். இன்னும் முழுதாகச் சாயவில்லை.

“ஐயய்யோ, எழுந்திரிங்க!”

பூச்சியோ என்னவோ என்று துள்ளி எழுந்தார். “என்ன, என்ன?”

“நீங்க உட்காரலாமா?”

“ஏன், நம்ம சோபாதானே?”

“சோபா நம்மதுதாங்க. ஆறு நாளும் நீங்க என்ன செய்றீங்க?”

“பஸ் ஓட்டுறேன்.”

“நின்னுக்கிட்டா?”

மகள்தான் பதில் சொன்னாள். “அப்பா உட்கார்ந்துதாம்மா ஓட்டுறாங்க.”

“ஆலயத்துல உட்கார்ந்தேனே, அப்போ ஏன் சொல்லல?”

“அது ஆண்டவர் வீடு. அங்க அவர் பார்த்துக்குவார். இங்க நான்தானே பார்க்கணும்?” என்ற மனைவி, பெருமூச்சு விட்டாள். “நான் ஆறு நாளும் அடுப்படியில நின்னுக்கிட்டே இருக்கேன். எனக்கு இன்னிக்கு நிக்கக் கொடுத்து வைக்கல.” சொல்லிவிட்டு மிகுந்த வருத்தத்தோடு சோபாவில் உட்கார்ந்தாள்.

ஓட்டுநர் மனசுக்குள் சட்டத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். எங்கேயோ தப்பான தெருவில் திரும்பியிருக்கிறோம் என்று தெரிந்தது. எந்தத் தெரு என்றுதான் தெரியவில்லை.

“சரி, படுத்துக்கறேன். படுத்துக்கிட்டு யாரும் பஸ் ஓட்டுறதில்ல.”

“தாராளமா. சாப்பிட்டுட்டுப் படுங்க.”

“சாப்பாடு?”

மனைவி அவரைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். அவர் சமையலறையைப் பார்த்தார். அங்கே அடுப்பு அணைந்து, சுத்தமாக, எந்த வாசனையும் இல்லாமல் இருந்தது.

“ஆறு நாளும் சமைக்கிறவ நானாச்சே.”

“நான் சமைச்சா அது மட்டும் வேலையில்லையா?”

“கல்யாணமானதுலேருந்து ஒரு நாளாவது சமைச்சிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்போ அது எப்படிங்க உங்க வேலையாகும்?”

ஓட்டுநர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு சமையலறைக்குள் போனார். அரிசியைத் தேடினார். வெங்காயத்தை உரித்து அழுதார். அடுப்பில் கோழி தீய, சோறு பொங்கி வழிய, அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“உப்பு எங்கேம்மா இருக்கு?”

“சொல்லக்கூடாதுங்க. எது எங்க இருக்குன்னு சொல்றதுதான் ஆறு நாளும் என் வேலை.”

ஒருவழியாக உப்பைக் கண்டுபிடித்துவிட்டதை அறிவிக்க முன்னறைக்கு ஓடி வந்தார். மனைவி சோபாவின் கையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமாக இவளுக்கு ஒரு ஞாயிறுகூட இருந்ததில்லையே என்று தோன்றியது. அந்த வெட்கம் அதிக நேரம் நீடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து கருகிய வாசனை வந்துவிட்டது.

சாப்பாடு தயாரான நேரத்துக்கு மாமியார் வந்தார். கூடவே பாடகர் குழு அம்மாக்கள் இருவரும், குடைகளோடு. மாப்பிள்ளை ஓய்வெடுப்பதைப் பார்க்க வந்தார்களாம். ஓட்டுநர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டே தானும் சாப்பிட்டார்.

“கோழி கொஞ்சம் கருப்பா இருக்கு. ஆனா ஓய்வு எடுத்ததுல முகத்துல ஒரு களை வந்திருக்கு மாப்பிள்ளை,” என்றார் மாமியார்.

ஆறு நாளும் பாத்திரம் கழுவுபவள் மகள். ஆகவே அன்றைக்கு அதற்கும் ஓட்டுநரே ஓய்வாகப் போய் நின்றார். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆனால் அந்தச் சோப்பு நுரையில்தான் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சட்டத்தில் எங்காவது ஒரே ஒரு ஓட்டை விழுந்தால் போதும், மிச்சமெல்லாம் அதன் வழியாகவே ஒழுகிவிடும். காரை ஓட்ட அனுமதி வாங்கிவிட்டால் சட்டம் செத்தது. சட்டம் செத்தால் சோபா பிழைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போதகர் வீட்டுக்கு நடந்தார்.

“ஐயா, அத்தை மூட்டு வலியோட நடக்கிறதைப் பார்க்கச் சகிக்கல. ஞாயித்துக்கிழமை நான் கார் ஓட்டியே ஆகணும். தீர்மானத்தை மீறினாலும் பரவாயில்லை.”

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுல என்ன தம்பி மீறல்? சம்பளத்துக்கு ஓட்டினா வேலை. அன்புக்காக ஓட்டினா அது ஊழியம். தாராளமா ஓட்டுங்க.”

பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வீட்டுக்கு வந்து, வாசலிலிருந்தே அறிவித்தார். “ஐயாகிட்ட கேட்டுட்டேன். இனிமே ஞாயித்துக்கிழமை நான் வண்டி எடுப்பேன்!”

“ரொம்பச் சந்தோஷங்க. அம்மாகிட்ட இப்பவே சொல்லிடறேன். அந்த அம்மாக்களையும் ஏத்திக்கலாம். சந்தைக்கும் போயிடலாம்.”

“எங்க வேணும்னாலும் போகலாம். அப்போ சட்டம் போச்சு. அடுத்த வாரம் சமையல் நீதானே?”

“சட்டம் எங்கங்க போச்சு? ஓட்டுறது ஊழியம்னு ஐயாவே சொல்லிட்டாரு. சமைக்கிறதும் பாத்திரம் கழுவுறதும் உங்க சட்டப்படி உங்களுக்கு ஓய்வு. இதுல வேலைன்னு எதைங்க சொல்றீங்க?”

ஓட்டுநர் திருதிருவென்று விழித்தார். ஊழியம், ஓய்வு, வேலை மூன்றும் தலைக்குள் ஒன்றையொன்று துரத்தின. அசதியில் கால்கள் தாமாகவே சோபாவை நோக்கி நகர்ந்தன. மனைவி தொண்டையை லேசாகக் கனைத்தாள். கால்கள் நின்றுவிட்டன.

“அப்போ நான் என்னிக்குத்தான் நிம்மதியா உட்கார்றது?” என்றார், அழாத குறையாக.

“நாளைக்குத் திங்கக்கிழமைதானே? பஸ்ஸுல போய் நல்லா உட்காருங்க.”